ஹரி

இரவு ஒன்று இருபது. ஜம்பட்டா வீதியில்
கடைசிப் பாண்கடையும் ஷட்டரை இழுத்துவிட்டது.
டெலிக்கா வானின் வாலில் எங்கள் இறால்வடை வண்டி,
காலிமுகத்திடல் உப்பைப் பூசிக்கொண்டு,
உள்ளே காஸ் சிலிண்டர் உருண்டு முனக.
இனித்தான் வேலை.

ஒழுங்கையின் அகலம் ஏழடி நாலங்குலம்.
வண்டி ஆறடி ஒன்று.
மிச்சத்துக்குள் ஒரு லைட் போஸ்ட்,
மூடியில்லாத ஒரு காண்,
கேற்றுக்கு வெளியே மூக்கை நீட்டும் நிமாலின் த்ரீவீல்,
அதன் கூரையில் படுக்கும் பூனை,
பிறகு எங்கள் கல்யாணம்.

முதல் மாதம் வாயால் சொன்னேன்.
"இடம்" என்றேன்.
"ஆருடைய இடம்?" என்று கேட்டான் கிளமென்ற்
தலையை வெளியே போட்டு, ஒழுங்கையே எழும்ப.
அவனைப் பார்த்து நிற்கிறவளுக்கு
அவன் இடம் வலம்.
வண்டியோ எங்கள் இரண்டு பேர் சொல்லும் கேளாது:
வால் இடப்பக்கம் போக
ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிக்க வேண்டும்.
ஒடித்த கையோடு திருப்பியும் எடுக்க வேண்டும்,
பிந்தினால் முழங்கை மாதிரி மடங்கி
நடுவழியில் நின்றுகொள்ளும்.

தமிழ் சரிவரவில்லை. இந்த ஊரில்
எவருடைய லொறியும் சிங்களத்தில்தான் பின்னுக்கு வரும்.
"பஸ்ஸட்ட, பஸ்ஸட்ட" பழகினேன்.
"ஹரி, ஹரி, ஹரி" என்றால் வா.
"ஹரி" என்று வெட்டிச் சொன்னால் நில்.
அதே சொல்.
எத்தனையாவது ஹரி கடைசி ஹரி என்று
ஓடுகிறவனுக்கு எப்படித் தெரியும்?
திரேசம்மாவின் மதிலுக்குத் தெரிந்தது.
அரைப் பை சீமெந்து, மேசன் கூலி,
ஒரு கிழமை வடைக்காசு.

பிறகு வாயை மூடினோம்.
ஒரு டோர்ச், ஒரு சட்டம்:
என் முகம் உன் கண்ணாடியில் இல்லையென்றால்
கால் பிறேக்கில்.
வெளிச்சத்தை மதிலுக்கு அடிப்பதில்லை,
என் முகத்துக்குத்தான்.
கண் கூசும். கூசட்டும்.

சீட்டுக்காசைக் கேளாமல் தம்பிக்குக் கொடுத்த அந்த மாசி,
பதினொரு நாள் நாங்கள் பேசவில்லை.
சோற்றுக் கோப்பையைச் சத்தம் கேட்க வைத்தேன்.
பதினொரு இரவும் வண்டி
கீறல் படாமல் உள்ளே போனது.
ஒன்று இருபதுக்கு மட்டும்
கோபத்தை லைட் போஸ்ட்டில் மாட்டிவிட்டு
அவன் கண்ணாடிக்குள் போய் நிற்பேன்.
திரும்பி வரும்போது மறக்காமல் எடுத்துக்கொள்வேன்.

இன்றைக்கு எண்ணெய் தெறித்து
அவன் வலக்கை துணிக்கட்டில்.
திறப்பை நீட்டினான்.
எட்டு வருடத்தில் முதல் தரம்
நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்.

அம்மாடி, எவ்வளவு சின்னது.
ஒரு பிஸ்கட் அளவு இருட்டு, அதற்குள்
மஞ்சளாய் நெற்றியும் மூக்குமாக ஒருவன்.
போஸ்ட் இல்லை, காண் இல்லை, மதில் இல்லை.
இவ்வளவை நம்பியா இவ்வளவு காலம் வந்தான்?
இதற்கா நான் குருடா என்று ஏசினேன்?

"ஹரி ஹரி" என்றான்.
"எந்த ஹரி?" என்றேன்.
சிரிப்பில் குனிந்தான், முகம் காணாமல் போனது.
பிறேக்.
திரும்ப முளைத்தது. விட்டேன், விட்டேன்,
மெத்தென்று ஏதோ தடுத்தது.

இறங்கிப் பார்த்தால்
மதிலுக்கும் பம்பருக்கும் நடுவில்
அவனுடைய இடக்கால் பாட்டா, நசுங்கி.
"என்னை நம்பேல்லையோ?"
"உன்னை நம்பினன். என்ர ஹரியைத்தான்..."
முடிக்காமல் கட்டுப்போட்ட கையை ஊதினான்.

முன்னுக்கு எடுத்தால்
எல்லாம் முதலிலிருந்து.
செருப்பு நாளைப் பின்னேரம்வரை கிடக்கட்டும்.

வெறுங்கால் ஒன்றோடு காணைத் தாண்டப் போகிறான்.
எதிரே நின்று டோர்ச் பிடிக்கிறேன்.
"இடம்" என்கிறேன்.
வலப்பக்கம் மிதிக்கிறான்.